விடத் தெரிந்த குச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று காலையில் ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டவர்கள், அதை எப்படி வைத்தீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அட்டையில் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினீர்கள். பசைப்பக்கம் வெளியே பார்க்கும்படி விரல் நுனியில் ஏற்றினீர்கள். நெற்றியில் வைத்து ஓர் அமுக்கு, விரலை எடுத்தாயிற்று. பொட்டு நெற்றியோடு நின்றுவிட்டது. விரலோடு ஏன் திரும்பி வரவில்லை? விரல் பக்கம் இருந்தது கொஞ்சம் ஈரம் மட்டும்தான். நெற்றிப் பக்கம்தான் பசை. சித்திரை வெயிலில் நெற்றி வியர்த்திருக்கும்போது வைத்துப் பாருங்கள், பொட்டு விரலோடேயே திரும்பி வந்துவிடும்.

முப்பது வருஷமாக நான் செய்துவருவது இந்தப் பொட்டு வைக்கிற வேலையைத்தான். நெற்றிக்குப் பதில் கல்யாண ரவிக்கை, பட்டுநூல் வளையல், ஜிமிக்கி. பொட்டுக்குப் பதில் சிவப்புக் கல், பச்சைக் கல், குந்தன், கடுகு போல மணி. கடுகு என்று நான் சொல்வது மிகையில்லை. கடையில் எஸ்எஸ்10 என்று கேட்டு வாங்குகிற கல் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர். எஸ்எஸ்6 என்றால் 2 மில்லிமீட்டர்தான். விரலால் எடுத்தால் விரல்தான் தெரியும், கல் தெரியாது. அதனால் இந்த வேலைக்கு ஒரு கைக்கருவி வேண்டும். அது என்ன, எப்படிப்பட்டது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முடிக்கும்முன் அதை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எல்லாருமே முதல் நாளே ஒரு ட்வீசரோடு வருவார்கள். எங்கள் ஊர் ஆசாரிமார் அதைச் சாமணம் என்பார்கள். நல்ல கருவிதான், நான் குறை சொல்லவில்லை. கம்மலுக்கு வளையம் மாட்ட, கம்பி நுனியை மடக்க, சிக்கின நூலை இழுக்க அது இல்லாமல் முடியாது. ஆனால் கல்லை எடுக்க மட்டும் அதை நம்பாதீர்கள். கல்லின் அடி தட்டை, மேலே கூம்பிப் போகிறது. பக்கவாட்டில் எல்லாம் சரிவு. இரண்டு பக்கமும் இறுக்கினால் என்ன ஆகும்? ஊறின புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கிடையில் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு வேகமாகப் பறக்கும்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், கதையைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். விடிந்தால் முகூர்த்தம். பெண் வீட்டார் ஆறு மணிக்கு ஆள் அனுப்பி ரவிக்கையை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஆரி வேலை எல்லாம் முடிந்துவிட்டது. முதுகுப் பக்கம் கழுத்து வளைவில் இரண்டு வரிசை கல் ஒட்ட வேண்டியது மட்டும் பாக்கி. இரவு பதினொரு மணி. புதிதாக வாங்கின, ஊசி போல நுனி உள்ள ட்வீசர் கையில். விலையும் அதிகம், அதனால் பெருமையும் அதிகம். நாலாவது கல் 'டிக்' என்று தெறித்தது. எங்கே போனது? தரையில். எங்கள் வீட்டுத் தரை மொசைக் தரை, நேயர்களே! வெள்ளை, சிவப்பு, பச்சை என்று பொடிக்கல்லாகவே பதித்த தரையில் ஒரு பொடிக்கல்லைத் தேடுவதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணிதான் கல் வாங்கியிருந்தேன். ஒன்று குறைந்தால் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி தெரியும்.

அன்றைக்கு எங்கள் மாமா, அம்மாவுடைய தம்பி, கண் ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். வடசேரியில் கல் பதிக்கிற வேலை செய்தவர். வடசேரி, நம் நாகர்கோவிலுக்குள் இருக்கிற அதே வடசேரிதான். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் தலையில் வைக்கிற சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, நெற்றிச்சுட்டி இதெல்லாம் அங்கே செய்வதற்குப் பேர் போனவை. நாகர்கோவில் கோவில் நகை என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. நான் மண்டியிட்டுத் தேடுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்தார்.

"டார்ச்சை மேல புடிச்சா கிட்டாது மக்களே, தரையில படுக்கப் போடு" என்றார். படுக்கப் போட்டேன். வெளிச்சம் தரையோடு தரையாகப் போனது. அலமாரிக் கால் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் மினுங்கியது. இந்த வித்தையை மட்டுமாவது இன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூக்குத்தித் திருகு விழுந்தாலும் இப்படித்தான் தேட வேண்டும்.

பிறகு ட்வீசரை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். "மெழுகு இருக்கா?" மெழுகுவத்தியைக் கொடுத்தேன். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இது ஒட்டாது என்று திருப்பித் தந்தார். என் தையல் டப்பாவைத் திறந்து அவரே கிளறினார். நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தேய்க்கிற தேன்மெழுகுக் கட்டி ஒன்று உள்ளே கிடந்தது. அத்தனை வருஷமாக என் டப்பாவில்தான் இருந்திருக்கிறது! அதில் ஒரு பிசிறு கிள்ளி, சாம்பிராணி போட வைத்திருந்த கரியைப் பொடித்துத் தூவி, இரண்டு விரலால் பிசைந்தார். ஈர்க்கின் நுனியில் பாசிப்பயறு அளவுக்கு உருட்டி ஒட்டி, நுனியைக் கூர்மையாக்கினார்.

அந்த நுனியால் ஒரு கல்லின் தலையைத் தொட்டார். தொட்டார் என்றுதான் சொல்ல முடியும், அமுக்கவே இல்லை. கல் கூடவே வந்தது. பசை வைத்த இடத்தில் இறக்கினார். குச்சியை நேரே மேலே இழுக்கவில்லை. லேசாக ஒரு பக்கம் சாய்த்து உருட்டி எடுத்தார். கல் அங்கேயே நின்றது. நான் ஒரு கல்லோடு அரை மணி மல்லுக்கட்டியிருந்தேன். கண்ணில் பச்சைத் துணிக்கட்டு கழற்றி நாலு நாள்கூட ஆகாத மனிதர், முதல் வரிசையை அநாயாசமாக முடித்தார்.

அப்போது கேட்டேன்: "மெழுகு தானே ஒட்டுது, அதுல கரி எதுக்கு மாமா?"

"கூட ஒட்டாம இருக்கத்தான்."

நேயர்களே, இந்த ஒரு பதிலைச் சொல்லத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லை எடுக்க எத்தனையோ சாமான் இருக்கிறது. எச்சில் தொட்ட விரல்கூட எடுத்துவிடும். எடுத்ததை விடுவதுதான் பாடு. வெறும் தேன்மெழுகு கைச்சூட்டில் இளகி, கல்லைப் பிடித்த பிடி விடாது. கல்லின் முகத்தில் மங்கலாகப் பூச்சும் விழும். கரி சேர்ந்தால் மெழுகு கொஞ்சம் விறைத்துப்போகும். கல்லைத் தூக்குகிற அளவுக்குப் பிடி இருக்கும், பசையோடு போட்டி போடுகிற அளவுக்கு இருக்காது. குச்சியின் பிடி எப்போதும் பசையின் பிடிக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். பொட்டும் விரலும் போல.

சாய்த்து எடுப்பதும் அதே கணக்குதான். தோசையை நடுவில் பிடித்து நேரே மேலே இழுப்பீர்களா? ஓரத்தில் கரண்டியை விட்டுத்தானே கிளப்புகிறீர்கள்? நேரே இழுத்தால் மெழுகு முழுப் பரப்பாலும் கல்லைப் பிடித்து இழுக்கும். சாய்த்தால் ஓரத்திலிருந்து பிரிந்துகொண்டே வரும், கல்லுக்கு அசைவே தெரியாது.

பக்கத்து வீட்டில் ஆறாவது படிக்கிற சிறுமி, லீவில் டைமண்ட் பெயின்ட்டிங் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். பசை பூசின படத்தில் பொடிப்பொடி பிளாஸ்டிக் கல்லை எண் பார்த்து ஒட்டுகிற விளையாட்டு. அதற்கு ஒரு பேனா. கூடவே இளஞ்சிவப்பில் சின்னச் சதுரமாக ஒரு மெழுகு. பேனா நுனியை மெழுகில் குத்தி, கல்லைத் தொட்டு, படத்தில் வைக்கிறாள். நான் என் குச்சியைக் காட்டினேன். "ஆன்ட்டி, உங்க மெழுகு ஏன் அழுக்கா இருக்கு?" என்றாள். வடசேரிப் பட்டறையில் சிரட்டைக்குள் கிடந்த சாமான், நிறம் மாற்றி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியில் வந்திருக்கிறது. எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

இனிப் பசையைப் பற்றி. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். பசையைத் தடவின கையோடு கல்லை வைக்காதீர்கள், கல் நீந்தும். பாலில் ஆடை படிவது போல மேலே லேசாக ஒரு படலம் வரட்டும். அதற்கு மேலும் விட்டால் காய்ந்துபோய்ப் பிடிக்காது. அளவு, கல்லை வைத்து அமுக்கும்போது ஓரத்தில் மயிரிழை எட்டிப் பார்த்தால் போதும். உடனே ஒட்டுகிற பசை இருக்கிறதே, விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே, அது வேண்டாம். அவசரத்தில் ஒரு பதக்கத்துக்கு அதைப் போட்டுவிட்டு டப்பாவில் மூடி வைத்தேன். காலையில் திறந்தால் கல் அத்தனையும் பனி பிடித்த கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கிறதன் மேல் எல்லாம் படிந்து வெளுக்கும். அந்தப் பதக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன், வகுப்பில் காட்டுவதற்காக.

கல்லின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவாதீர்கள். அங்கே இருக்கிற பளபளப்புப் பூச்சுதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது சுரண்டப்பட்டால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசையும் பிடிக்காது. நம் ஊரில் எண்ணெய் தேய்த்த தலையைத் தொடாத விரல் எது? குச்சி கல்லின் தலையை மட்டுமே தொடுகிறது என்பது அதன் இன்னொரு சௌகரியம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிக்காரர் மூன்று விரல் காட்டுகிறார். ஹாட்ஃபிக்ஸ் கருவியைப் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்று குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். சரி, ஓடிவிடுகிறேன். அது சால்டரிங் குச்சி மாதிரி சூடாகிற பேனா. பசை கல்லின் அடியிலேயே இருக்கும், சூட்டில் உருகி ஒட்டும். கல் அளவுக்குத் தக்கபடி நுனியைத் திருகி மாற்றுவார்கள். 1892-இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி கல்லை இயந்திரத்தில் பட்டை தீட்டக் காப்புரிமை வாங்கினார். அப்படி இயந்திரத்தில் அறுத்து எல்லாக் கல்லும் ஒரே அளவாக வருவதால்தான் இதெல்லாம் சாத்தியம். ஆனால் அங்கேயும் அதே தொல்லை, கல் நுனிக்குள் மாட்டிக்கொண்டு வராது. அதற்காகவே நுனியில் பிளவு வைத்திருப்பார்கள், அதன் வழியே ஊசியால் தள்ளிவிடுங்கள். ஜார்ஜெட்டில் மட்டும் மூலையில் சோதிக்காமல் வைக்காதீர்கள், துணி உருகும். செல்போன் ரிப்பேர் கடையில் ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சுகிற பேனா பார்த்திருப்பீர்கள், அதுவும் பெரிய தட்டைக் கல்லுக்கு ஆகும்.

குச்சி செய்யும் முறை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தேன்மெழுகு ஒரு நெல்லிக்காய் அளவு. அடுப்பில் நேரே வைக்காதீர்கள், கிண்ணத்தைச் சுடுநீரில் வையுங்கள். 65 டிகிரிக்குள் உருகிவிடும். துணியில் சலித்த கரித்தூள் கால் ஸ்பூன், கலக்கி ஆற விடுங்கள். ஒரு கல்லைத் தொட்டுத் தூக்கிக் கையை லேசாக ஆட்டுங்கள். விழுந்தால் மெழுகு சேருங்கள். விழாமல் நின்று, வைத்த இடத்திலும் விட மறுத்தால் கரி சேருங்கள். மார்கழியில் கரி குறைவாக, கோடையில் கொஞ்சம் கூட. ஈர்க்கு இல்லாவிட்டால் பல் குத்துகிற குச்சி போதும். மீதியைச் சிரட்டையில் போட்டு மூடி... நேரம் ஆகிவிட்டது. மூடி வையுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். வணக்கம்.