ராஜ வீதியில் ஒரு கிரீடம்

நண்பர்களே, வணக்கம்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் நேரே கடற்கரைக்குப் போய், டேனிஷ் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போகிற வழியில், ராஜ வீதியிலேயே புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அங்கே ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அதே வீதியில் 1701-லேயே சீயோன் ஆலயம் எழுந்துவிட்டது. ஆனால் அது டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவுக்கு, தமிழர்கள் தமிழிலேயே ஜெபிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. மறு வருஷமே சிறியதாக ஓர் எருசலேம் ஆலயத்தைக் கட்டிவிட்டார். சபை வளர வளர இடம் போதவில்லை. கடலும் அதை விட்டுவைக்கவில்லை. 2004 டிசம்பரில் அந்தக் கடலைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம்தான் 1717-ல் ராஜ வீதியில் அடிக்கல் போட்டார்கள். பெயரில் உள்ள ‘புதிய’ அப்படி வந்தது.

வேளாங்கண்ணியை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வானளாவிய கோபுரம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும், தடித்த சுவர்கள், சிலுவை வடிவத்தில் தரை அமைப்பு, அவ்வளவுதான். முகப்பை மட்டும் அண்ணாந்து பாருங்கள். சுதையில் ஒரு கிரீடமும், அதோடு பின்னிய எழுத்துகளும் தெரியும். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை அது. சீகன்பால்குவை இங்கே அனுப்பியவர் அவர்தான். ஆனால் அதே அரசரின் கொடி பறந்த கோட்டையில், இங்கிருந்த தளபதி 1708-ல் சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதம் சிறை வைத்தார். அதனால் அந்தக் கிரீடத்தை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை. கோட்டைக்குச் சொன்ன பதிலாகவே எனக்குப் படுகிறது.

1718 அக்டோபர் 11 அன்று ஆலயப் பிரதிஷ்டை நடந்தது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சரி, இனி நிம்மதியாகப் பிரசங்கம் செய்யலாம் என்ற நிலை வந்தபோது சீகன்பால்குவின் உடல் ஒத்துழைக்கவில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று காலமானார். வயது 36. சிறையில் இருந்ததும் நான்கு மாதம், தான் கட்டிய ஆலயத்தில் வாழ்ந்ததும் ஏறக்குறைய நான்கு மாதம்.

அவரை அந்த ஆலயத்துக்குள்ளேயே, பீடத்தருகில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் அவருடைய தோழர் கிருண்ட்லரும் அங்கேயே வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எழுந்து முன்னே போகிறவர்கள் இன்றும் அந்த இரண்டு பேர் பக்கத்தில்தான் போய் நிற்கிறார்கள்.