ஏஐ எழுதியது என்று சாஃப்ட்வேர் சொன்னால் பூஜ்யம் போடலாமா?

அடுத்த கேள்வி. கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டுக்கு ஆங்கிலம் எடுக்கிற ஓர் ஆசிரியை அனுப்பியிருக்கிறார். "அசைன்மென்ட் கொடுத்தால் பாதிப் பேர் சாட்ஜிபிடியில் எடுத்து அப்படியே தந்துவிடுகிறார்கள். ஏஐ கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரில் போட்டால் 80 சதவீதம் என்று காட்டுகிறது. பூஜ்யம் போடலாமா?" என்று கேட்கிறார்.

போடாதீர்கள் மேடம். அந்த 80 சதவீதத்தை வைத்துக்கொண்டு மட்டும் போடவே போடாதீர்கள்.

அந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் பல, அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று பார்க்கின்றன. எளிதாக ஊகிக்க முடிந்தால் மெஷின் எழுதியது என்று சொல்லிவிடும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் எப்படி எழுதும்? தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்து, பாடப்புத்தகத்தில் பார்த்த வாக்கியம் மாதிரியேதான் எழுதும். அதற்குப் போய் ஏஐ என்று பெயர் வைத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்குச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளை 7 சாஃப்ட்வேர்களில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதத்தை மெஷின் எழுதியது என்று காட்டின. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதியதில் இந்தத் தவறு மிகக் குறைவு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஏஐ கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. அதன்பிறகு புதிதாக நிறைய வந்திருக்கின்றன. ஆனாலும் அது காட்டுகிற எண் சரியா என்று பார்க்க உங்களுக்கு வழியில்லை, இல்லை என்று நிரூபிக்க மாணவருக்கும் வழியில்லை. அதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, அப்போது என்னதான் செய்வது? கொடுக்கிற தலைப்பைப் பாருங்கள். 'நீர் மாசுபாடு, 500 சொற்கள்' என்று கொடுத்தால் மெஷினுக்கு அரை நிமிட வேலை. திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் நொய்யல் ஆற்றைத் தலைப்பாகக் கொடுங்கள். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கியது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, இதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் எப்போது கெட்டது, அப்புறம் எந்தப் பயிரை விட்டார்கள் என்று கேட்டு, முதலில் தமிழிலேயே குறிப்பு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்பை மேசையில் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே, கையால், ஆங்கிலத்தில் முதல் பிரதி எழுதட்டும். தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது, பாட்டி சொன்னதாக மெஷினும் கதை கட்டும். அதனால்தான் வகுப்பில் எழுதச் சொல்கிறேன்.

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பாதியை இந்தக் குறிப்புக்கும் முதல் பிரதிக்கும் கொடுத்துவிடுங்கள். பிழை இருக்கட்டும். பிழைக்கு மார்க் போய்விடும் என்கிற பயத்தில்தான் நிறையப் பிள்ளைகள் மெஷினிடம் போகிறார்கள். ஆங்கிலத்தில் தப்பாக எழுதினால் சிரிப்பார்கள் என்று பள்ளியிலிருந்தே பயந்து வருகிறவர்கள் அவர்கள். முதல் பிரதியில் பிழை இருக்கலாம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பயம் போகும்.

60 பேர் வகுப்பில் எல்லாவற்றையும் திருத்த முடியாது, உண்மைதான். ஒரு வகுப்புக்கு ஐந்து பேர் என்று எடுத்து, ஆளுக்கு ஒரு பத்தி மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு பருவத்துக்குள் எல்லாரையும் பார்த்துவிடலாம்.

இப்போது கையில் இருக்கிற கட்டுரைகளை என்ன செய்வது என்றுதானே? சந்தேகம் வந்தவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். இரண்டாவது பத்தியில் ஒரு வரியைக் காட்டி, "இதைத் தமிழில் சொல்லுப்பா, ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் மார்க் போடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த வகுப்பில் அதே தலைப்பில் ஒரு பக்கம் எழுத வைத்து, அதற்கு மார்க் போடுங்கள்.