ஆத்துல போட்டாலும் அளந்து போடு

(போன ஞாயித்துக்கிழமை எங்க ஊரு நூலக வாசகர் வட்டம் ஆண்டுவிழாவுல பேசுனது. தம்பி ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணி அனுப்புனத கேட்டு கேட்டு டைப் பண்ணிருக்கேன். கைதட்டுன இடத்தையெல்லாம் நானே குறிச்சுக்கிட்டா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு எட்டாங்கிளாஸ்ல கணக்கு எடுத்து என் காதைத் திருகுன எங்க சார் அவர்களே, இன்னைக்கும் அந்தக் காது கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு சார், நூலகர் அம்மா அவர்களே, வேற ஒரு கூட்டம் இருந்தும் அத விட்டுட்டு இங்க வந்திருக்கிற கவுன்சிலர் அவர்களே, தாலுகா ஆபீஸ்ல இருந்து வந்திருக்கிற சார் அவர்களே, உங்ககிட்ட அப்புறம் ஒரு வேலை இருக்கு, எந்திரிச்சுப் போயிராதீங்க. மைக் செட் தம்பிக்கும் வணக்கம், அவர விட்டுட்டா சவுண்ட குறைச்சிருவாரு. பொன்னாடை போட்டாங்க, சந்தோசம், ஆனா வீட்டுல ஏற்கனவே பதினேழு இருக்கு, அடுத்த தடவை ஒரு குத்தாலத் துண்டு போட்டீங்கன்னா துவட்டவாச்சும் ஆகும்.

எனக்குக் குடுத்த தலைப்பு தலைமுறைகளும் சுற்றுச்சூழலும். நாலு விசயம் பேசலாம்னு எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு பழைய ஆளுக பழக்கம், ரெண்டு இளவட்டங்களோட பயம், மூணு அரசாங்கமும் கம்பெனிகளும் என்ன செய்யணும், நாலு இந்த கார்பன் கணக்கு. நாலையும் சொல்லி முடிச்சிருவேன்னு சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்.

எங்க ஆத்தாவுக்கு இப்ப எம்பத்தி நாலு வயசு. அதுக்கு சுற்றுச்சூழல்ங்கிற வார்த்தையே தெரியாது. ஆனா அரிசி கழுவுன தண்ணி மாட்டுக்கு, பாத்திரம் வெளக்க தேங்கா நாரும் சாம்பலும், பழைய சேலை தொட்டில் ஆகும், தொட்டில் கிழிஞ்சா கரித்துணி ஆகும், ஆள் இல்லாத ரூம்ல லைட் எரிஞ்சா ஈபிகாரன திட்டுற மாதிரி நம்மள திட்டும். வாயத் தொறந்தா ஒரே பழமொழிதான், ஆத்துல போட்டாலும் அளந்து போடு. ஆத்துலதான போடுறோம், எதுக்கு அளக்கணும்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன், அளக்காமப் போட்டா எவ்வளவு போச்சுன்னு எப்படிடா தெரியும்னு கேட்டுச்சு. அதுக்கு மேல எனக்குப் பதில் இல்ல.

ஒண்ணு சொல்லிக்கிறேன், அது பூமியக் காப்பாத்த இதையெல்லாம் செய்யல. இல்லாமைதான் காரணம். அத இன்னைக்கு "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல"ன்னு வாட்ஸப்புல போட்டு மாலை போடுறாய்ங்க, எனக்கு அது பிடிக்கல. கையில காசு வந்ததும் அதே முன்னோர்கள்ல பாதிப்பேர் கண்மாய்க்குள்ள வீட்டக் கட்டிட்டாங்க.

அடுத்து வர்ற தலைமுறை, நாங்க. 1960கள்ல பொறந்த கோஷ்டி. நான் தபால் ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருசம் வேலை பாத்தவன். மஞ்சப்பையத் தூக்கிட்டு மதுரைக்குப் போனா பட்டிக்காட்டான்னு சிரிப்பாய்ங்கன்னு அத முதல்ல மறைச்சது நாங்கதான், கேரி பேக் வந்ததும் அத மடிச்சுப் பையில வச்சிக்கிட்டு பவுசா திரிஞ்சதும் நாங்கதான், ஊருல முதல் போர் போட்டு கெணத்த மூடுனதும் நாங்கதான். 2019 ஜனவரி 1ல இருந்து ஒருதடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை, 2021 டிசம்பர் 23ம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் மீண்டும் மஞ்சப்பைன்னு திட்டமே ஆரம்பிச்சு வச்சாரு. வெக்கப்பட்டு நாங்க தூக்கிப்போட்ட பைக்கு அரசாங்கம் விழா எடுக்குது, நாங்களே முன்வரிசையில உக்காந்து கைதட்டுறோம்.

இப்ப என் மக கதைக்கு வர்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

மக சென்னையில வேளச்சேரிப் பக்கம் வீடெடுத்துத் தங்கி ஐடியில வேலை பாக்குது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சில்ல, கீழ பார்க்கிங்ல நின்ன வண்டியெல்லாம் முங்கிப் போச்சு, கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, ரெண்டு நாள் எங்களுக்குப் பேச்சே கேக்கல. அந்த ஊர எடுத்துக்கங்க, 2015ல வெள்ளம், 2019ல தண்ணி இல்லாம ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல அம்பது டேங்கர்ல 25 லட்சம் லிட்டர் அளந்து ஏத்திட்டு வந்தாங்க, நாலே வருசத்துல மறுபடி இடுப்பளவு தண்ணி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல மிச்சம் இருந்ததுக்கு 2022ல ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற பேரு கெடைச்சுச்சு, போன மிச்சத்துக்கு மேலதான் அபார்ட்மென்ட் நிக்குது.

அதுக்கப்புறம் மழை பெஞ்சா மக ராத்திரி போன் பண்ணும். "அப்பா தூக்கம் வரல, ரேடார் படத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்." எனக்கு முதல்ல விளங்கவே இல்ல. நாங்கெல்லாம் மழை பெஞ்சா குடையக் கூட எடுக்காம கண்மாய்க் கரைக்கு ஓடுவோம், எத்தனை படி ஏறியிருக்கு, மறுகால் பாயுமான்னு பாக்க. மழைன்னா பயம்னு ஒரு பிள்ள சொல்லி அப்பத்தான் முதல் தடவையா கேக்குறேன். கல்யாணம் பேசி முடிச்ச சமயத்துல இன்னொண்ணு சொல்லுச்சு, குழந்தை பெத்துக்கணுமான்னு யோசனையா இருக்குப்பான்னு. அப்பத்தா பக்கத்துல இருந்துச்சு, விடுமா, "ஏன்டி, தாது வருசப் பஞ்சத்துலயே பெத்தாக, நீ மழைக்குப் பயந்து பெக்காம இருப்பியா"ன்னு ஒரு போடு போட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம். மக சிரிக்கல. அப்புறம் யோசிச்சுப் பாத்தா அது சிரிக்காததும் சரிதான். பஞ்சம் பாத்த சனங்களுக்கு இந்த வருசம் பொய்ச்சாலும் அடுத்த வருசம் பெய்யும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. என் மகளுக்குத் தெரிஞ்ச கணக்குல ஒவ்வொரு வருசமும் முந்துன வருசத்த விட மோசம்.

இது என் வீட்டுப் பிள்ளையோட மட்டும் நிக்கல. லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகை குரூப்ல 2021ல பருவநிலை மாற்றத்தப் பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு, பத்து நாடு, நாட்டுக்கு ஆயிரம் பேர், எல்லாம் 16ல இருந்து 25 வயசு, நம்ம நாடும் அதுல உண்டு. நூத்துக்கு 59 பேர் ரொம்பக் கவலையா இருக்குன்னாங்க. 45 பேர் அன்றாடப் பொழப்பையே இந்தக் கவலை பாதிக்குதுன்னாங்க. 39 பேர் பிள்ள பெத்துக்கவே தயக்கம்னாங்க. பாத்தீங்களா, பயத்தையும் அளந்துட்டாய்ங்க.

சரி, பயந்த பிள்ள என்ன பண்ணுச்சு? கல்யாணத்துல தண்ணி பாட்டில் வைக்கக் கூடாதுன்னு நின்னுச்சு. எவர்சில்வர் டம்ளர், அண்டாவுல தண்ணி, அவ்வளவுதான். எங்க ஆத்தாவுக்கு ஒரே குஷி, பரண் மேல கெடந்த பித்தளை அண்டாவ எறக்கச் சொல்லி புளி போட்டு அதுவே தேய்க்க உக்காந்துருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு விசயம் போச்சு, மாப்பிள்ளையோட சித்தப்பா போன்ல, "சம்பந்தி, பாட்டில் வைக்கக்கூட வசதி இல்லேன்னா சொல்லுங்க, நாங்க எறக்கிக்கிறோம்." எனக்கு மானம் போச்சு. நான் யாரு, கேரி பேக் கோஷ்டி. மகளுக்குத் தெரியாம சமையல் காண்ட்ராக்டருக்கு போன் போட்டேன், அவரு, "சார் அது பேக்கேஜ்லயே இருக்கு, வேண்டாம்னாலும் காசு குறையாது"ன்னாரு. அப்ப வரட்டும்னுட்டேன்.

முகூர்த்தத்தன்னைக்கு காலையில சின்ன யானை வண்டி வந்து நிக்குது, பண்டல் பண்டலா எறங்குது. மக மணவறையில இருந்தே பாத்துருச்சு. தாலி கட்டுற நேரத்துல பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கணுமா இல்லையா, அது என்னையே பாத்துக்கிட்டு இருக்கு! வீடியோவுல பதிவாயிருக்கு, இன்னைக்கும் போட்டுக் காட்டும்.

பந்தி முடிஞ்சு பாத்தா ஆத்தாவக் காணோம். தேடுனா மண்டபத்துக்குப் பின்னாடி குப்பைத்தொட்டி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கு. எச்சில் இலைக்கு நடுவுல இருந்து ஒவ்வொரு பாட்டிலா எடுத்து, மூடியத் திருகி, மிச்சத் தண்ணிய குடத்துல ஊத்துது. ரெண்டு வாய் குடிச்சது, ஒரு வாய் குடிச்சது, சீலே உடைக்காதது. பட்டுச்சேலை முந்தானை பூரா நனைஞ்சிருச்சு. "ஆத்தா, என்ன இது, சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க"ன்னேன். நிமிந்து பாக்காமலே, "நாலரைக் குடம்டா"ன்னுச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னது சும்மா இல்ல, அது அளந்தே காட்டிருச்சு. அந்தச் சித்தப்பாவும் வந்து பாத்தாரு, ஒண்ணும் பேசல, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு குடத்தத் தூக்கிட்டுப் போயி வாசல் வேப்பமரத்துல ஊத்திட்டு வந்தாரு. இன்னைக்கு அவர விட்டா எனக்குத் தோஸ்து கிடையாது.

இதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். என் மகளுக்குப் பயம் இருக்கு, ஆத்தாவுக்குப் பழக்கம் இருக்கு, எனக்கு ரெண்டும் இல்ல, ஊரு என்ன சொல்லும்ங்கிறது மட்டும்தான் இருந்துச்சு. வெறும் பயத்த வச்சிக்கிட்டு என்ன பண்ண முடியும், ராத்திரி ரேடார்தான் பாக்க முடியும். அந்தப் பயத்த எறக்கி வைக்க காலுக்கு எட்டுற தூரத்துல ஒரு எடம் வேணும். எங்க தாலுகாவுல அரிட்டாபட்டிய எடுத்துக்கங்க, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க, 193 ஹெக்டேர் சொச்சம், மலை, சுனை, கண்மாய் எல்லாம் சேத்து. 2024 நவம்பர்ல அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாச்சுன்னு சேதி வந்ததும் என்ன ஆச்சு? 2025 ஜனவரி 7ம் தேதி மதுரைக்கு நடந்து போன கூட்டத்துல தடி ஊனுன கெழவியும் உண்டு, மொபைல்ல லைவ் போட்ட பயலும் உண்டு. அந்த மாசம் முடியிறதுக்குள்ள ஏலத்த மத்திய அரசு ரத்து பண்ணுச்சு. அந்தப் பசங்களுக்குப் பயம் இல்லாமலா இருந்துச்சு? அவங்க மலை அவங்க கண்ணு முன்னாடி இருந்துச்சு, அதான் ரோட்டுக்கு வந்தாங்க.

மூணாவது அரசாங்கம், கம்பெனி... தலைவர் ஐயா துண்டுச்சீட்டு எழுதுறாரு, பாக்குறேன். அத இன்னொரு நாள் பேசுவோம். கார்பனும் அன்னைக்கே. இப்ப நம்ம கண்மாய்க்கு வந்துருவோம், அதச் சொல்லாம எறங்குனா எனக்குச் சோறு எறங்காது, உங்களுக்கும் தெரியும்.

நம்ம கண்மாய் நெறைஞ்சு மறுகால் பாஞ்சு எத்தனை வருசம் ஆச்சு? மழை இல்லைங்கிறது பொய். மழை பெய்யுது, தண்ணி வர்ற வரத்துக்கால்தான் இல்ல. சீமைக்கருவேல ஒரு பக்கம், கொட்டுன கட்டட இடிபாடு ஒரு பக்கம், பிளாட்டு ஒரு பக்கம். போன மாசம் கண்மாய்த் தண்ணிய வயலுக்குத் தொறந்து விடுற வேலை பாத்த நம்ம பழைய நீர்ப்பாச்சி ஐயாவ, அவருக்கு எழுபத்தொம்பது வயசு, காலேஜ் பசங்க ஆறு பேரோட கூட்டிக்கிட்டு மலையடிவாரத்துல இருந்து நடந்தேன்ல. ஒரு காம்பவுண்டு சுவர் குறுக்க வந்துச்சு. பசங்க சுத்திப் போவோம்னாய்ங்க. ஐயா நகரல. செருப்பக் கழட்டிட்டு கால மண்ணுல வச்சு, "இதுக்கு அடியிலதான் கால் போகுது, இங்கன ஒரு பாறை இருக்கும், தண்ணி அதுல முட்டித் திரும்பும்"னாரு. ஒரு பய உடனே போன்ல அரசாங்க வெப்சைட்ட தொறந்து நிலத்த அளந்து போட்ட எஃப்எம்பி வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகைன்னு சொல்ற அ-பதிவேட்டையும் எடுத்தான். அந்த சர்வே நம்பர் ஓடைப் புறம்போக்கு! கோடு சரியா அந்த எடத்துலதான் வளையுது. பெரியவரு மனசுல இருக்கிற மேப்பும் பய போன்ல இருக்கிற மேப்பும் ஒண்ணு. ஆனா நடந்து வர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் அது தெரியாது, ஒரே தெருவுல குடியிருந்தும். முழுசா நடந்து முடிச்சதுல பதினோரு எடத்துல அடைப்பு. பசங்க எல்லாத்தையும் போட்டோவோட குறிச்சு வச்சிருக்காங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்கிறோம், ஆத்த அடைச்சவன யாரு அளக்குறது? அதான் அளந்துட்டோம்.

தாலுகா ஆபீஸ் சார், உங்ககிட்ட சொன்ன வேலை இதுதான், அளவைக்காரர ஒரு நாள் அனுப்பி வைங்க, கல்லு நடணும். பக்கத்து ஊராட்சி எல்லையில ஆறு அடைப்பு வருது, அதுக்கு அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் போடணும், வர்றவங்க சும்மா கையெழுத்துப் போட்டு டீ குடிச்சிட்டுப் போகாம தீர்மானத்தப் படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க. மதுரையில உலகனேரின்னு பேரு இருக்கு, போயி ஏரியத் தேடிப் பாருங்க. நமக்கும் பேரு மட்டும் மிஞ்சிறக் கூடாது.

சீட்டு ரெண்டாவது தடவை வந்துருச்சு. முடிச்சிர்றேன். மேடையில எனக்கு முன்னாடி அஞ்சு பாட்டில் இருக்கு, ஏற்பாடு பண்ணுன தம்பி கோவிச்சுக்கக் கூடாது, எங்க ஆத்தா அந்தா மூணாவது வரிசையில உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கு, மிச்சத்த யாரும் கொட்டிறாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணி, அய்யனார் கோயில் ஆலமரத்தடி. மம்பட்டி, அருவா இருக்கிறவங்க கொண்டாங்க, இல்லாதவங்க கடகாப்பெட்டி கொண்டாங்க, டம்ளர் அவங்கவங்க வீட்டுல இருந்து. கஞ்சி நம்ம வாசகர் வட்டம். ஐப்பசி மழைக்கு முன்னாடி சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற அஞ்ச எடுத்தாலும் போதும். இடிபாட அள்ள டிரெய்லரோட டிராக்டர் ஒண்ணு வேணும், டீசல் நான் போடுறேன், யார்கிட்ட இருக்கு, கையத் தூக்குங்க பாப்போம். பின்னாடி ஒருத்தர் தூக்குறாரு... அட, சம்பந்தியோட தம்பி! அண்ணே, நீங்க எப்ப வந்தீங்க? வண்டி வருதா? சரி, நன்றி, வணக்கம்.