'நேற்று' என்ற ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, இந்தியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 55.1. இத்தனை குழந்தைகள் ஆறு மாதமும் தாய்ப்பாலிலேயே வளர்ந்தன என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அது தப்பு. அந்த எண் 'நேற்று' என்ற ஒரே நாளைப் பற்றியது.

ஆறு மாதம் நிறையாத குழந்தைகள் அத்தனை பேரையும் எண்ண வேண்டும், தாய்ப்பாலே குடிக்காதவர்கள் உட்பட. அவர்களில் நேற்றுப் பகலிலும் இரவிலும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் குடிக்காதவர்கள், சாப்பிடாதவர்கள் எத்தனை சதவீதம்? அவ்வளவுதான் கணக்கு. பத்து நாள் பிள்ளையும் ஐந்தரை மாதப் பிள்ளையும் ஒரே கூட்டத்தில் வருகிறார்கள். சின்னதுகளிடம் விகிதம் கூடுதல். நாலு மாதம் தாண்டினால் சரியும். ஆறு மாதம் வரை வந்து சேர்ந்தவர்கள் இந்தச் சராசரியைவிடக் குறைவு.

"தாய்ப்பால் மட்டும்தானேம்மா கொடுக்கிறீங்க?" என்று கணக்கெடுப்பவர் கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். தண்ணீரை யார் ஆகாரமாக நினைக்கிறார்கள்? ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நேற்றுத் தண்ணீர் கொடுத்தீங்களா? சர்க்கரைத் தண்ணீர்? பசும்பால்? பவுடர் பால்? தேன்? வீட்டில் பாட்டி ஏதாவது புகட்டினாங்களா?

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, வைட்டமின் சொட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசல் இவற்றால் பாதகமில்லை. பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுத்தாலும் தாய்ப்பால்தான். உரைமருந்துதான் சிக்கல். வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் உரைத்துச் சங்கில் புகட்டியிருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறைப்படி அந்தக் குழந்தை 'தாய்ப்பால் மட்டும்' கணக்கில் வராது. பெயரிலேயே மருந்து இருப்பதால், படிவத்தில் 'மருந்து' என்ற கட்டத்துக்கே கை போகும்.

வயதிலும் ஒரு வழுக்கல் உண்டு. "ஆறு நடக்குது" என்றால் நிறைந்தது ஐந்துதான். குழந்தை கணக்கில் உண்டு. ஆறு என்று எழுதி விட்டுவிட்டால், வேறு ஆகாரம் தொடங்கியிருக்கக்கூடிய பிள்ளைகளே கழன்றுபோய், விகிதம் சும்மாவே ஏறும். பிறந்த தேதியைத் தடுப்பூசி அட்டையில் பார்த்து எழுதுங்கள்.

வாய்ச்சொல்லைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தாய்க்கு 30 கிராம் கனநீர் (எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) குடிக்கக் கொடுத்து, இரண்டு வாரம் தாய், சேய் இருவரின் உமிழ்நீரையும் சோதிப்பார்கள். தாய்ப்பாலில் வராத தண்ணீர் குழந்தைக்கு எவ்வளவு போனது என்பது அதில் தெரிந்துவிடும். ஊர் முழுக்கச் செய்யக் கட்டுப்படியாகாது. சிலரிடம் செய்து பார்த்தால், நம் கேள்வித்தாள் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்பது பிடிபடும்.