நாலடி நடந்தால் என்ன?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல நிறைய இருக்கிறது, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாண வீட்டில் படம் எடுக்க ஏற்றது ஜூம் லென்ஸா, பிரைம் லென்ஸா? நான் பிரைம் பக்கம். இழுக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது, 50 மி.மீ. என்றால் 50 மி.மீ.தான் என்று நிற்கிற லென்ஸின் பக்கம். இந்த மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். ஜூமில் வளையத்தைத் திருப்பி அந்த எண்ணை மாற்றலாம், பிரைமில் முடியாது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "பிரைம் லென்ஸ் வைத்திருப்பவன் படம் எடுக்க வரவில்லை, வாக்கிங் போக வருகிறான். எங்கள் ஆள் நின்ற இடத்தில் நின்றபடியே ஐயர் முதல் ஐஸ்கிரீம்காரர் வரை எடுத்துவிடுவான்" என்றார். அரங்கமே கைதட்டியது. இதற்குப் பதில் சொல்லாமல் நான் அடுத்த வரிக்குப் போகமாட்டேன்.

அண்ணே, நடப்பது குற்றமா? ஜூம் வளையத்தைத் திருப்பினால் காட்சி பெரிதாகும், அவ்வளவுதான். முகம் எப்படித் தெரியும் என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கிற தூரம். உங்கள் ஆள் மேடையில் இடமில்லை என்று இரண்டடியில் நின்று, 24-க்குத் திருப்பி மணப்பெண்ணை எடுக்கிறான். மூக்கு முன்னால் வருகிறது, காது பின்னால் போகிறது. ஆல்பம் வந்த அன்று அந்தப் பெண் "இது நானா?" என்று கேட்கிறாள். 85 மி.மீ. பிரைம் மாட்டியவன் அப்படி எடுக்கவே முடியாது. தலையும் தோளும் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் ஆறேழு அடி பின்னால் போயே ஆக வேண்டும். அங்கே நின்று எடுத்தால் அவள் முகம் அவள் முகமாகவே இருக்கும். அந்த வாக்கிங்தான் அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறது.

இப்போது ஒரு கல்யாணத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். வாசலில் கீற்றுப் பந்தல், விடியாத முகூர்த்தம். ஐயர் "மாங்கல்யம் தந்துனானேன" என்று வாயைத் திறக்கிறார், கரண்ட் போய்விட்டது! ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார். பெண்ணின் தாய்மாமா "ஜெனரேட்டர்! ஜெனரேட்டர்!" என்று கத்துகிறார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது. "கெட்டிமேளம்!" என்கிறார் ஐயர்.

புக் செய்திருந்த போட்டோகிராபர் கையில் 18-55 ஜூம். கடைசி வரை இழுத்தால் எஃப் 5.6. இந்த எஃப் எண் கூடக்கூட லென்ஸுக்குள் போகிற வெளிச்சம் குறையும். ஓமத் தீயும் குத்துவிளக்கும் தவிர வேறு வெளிச்சம் இல்லை. போகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, எங்கேயும் நிற்கவில்லை. பிளாஷ் இருக்கிறதே என்பீர்கள். அடித்தார். எதிரே ஓமப்புகை. மொத்தப் புகையும் வெள்ளைத் திரையாக எழுந்து நின்றது, மாப்பிள்ளையையே காணவில்லை!

மணவறை ஓரமாக மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், கல்லூரிப் பையன், உட்கார்ந்திருந்தான். கையில் 50 மி.மீ., எஃப் 1.8. ஐ.எஸ்.ஓ., அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, 3200. ஷட்டர் திறந்திருப்பது ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. பிளாஷ் இல்லை. அந்த 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் அவன் லென்ஸுக்குள் போகிறது. முழங்காலால் இரண்டடி நகர்ந்தான். எடுத்தான்.

நடுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், அதனால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்கிறேன். கரண்ட் இல்லை. தாய்மாமா கத்துகிறார். நாதஸ்வரம் உச்சத்தில். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டுவிட்டார், அடுத்த முடிச்சை அவருடைய அக்கா போடுகிறார். பின்னால் சின்னப் பெண் ஒருத்தி விளக்கு பிடிக்கிறாள். அந்த விளக்கின் வெளிச்சத்தில் அக்காவின் விரல்கள், மஞ்சள் கயிறு, பெண்ணின் பின்னங்கழுத்து, ஒரு துளி வியர்வை. மற்றதெல்லாம் மங்கிக் கிடக்கிறது. அந்தக் குடும்பத்தில் அந்தக் கல்யாணத்துக்கு இருக்கிற ஒரே தாலி கட்டும் படம் அதுதான். இப்போது தட்டுங்கள் கையை!

எங்களிடம் எஃப் 2.8 ஜூம் இருக்கிறதே என்று எதிரணி சொல்லும். இருக்கட்டும். 1.8-க்கும் அதற்கும் இன்னும் இரண்டரை மடங்கு வெளிச்சம் வித்தியாசம். கேனனின் 24-70 எஃப் 2.8 ஜூம், இரண்டாவது தலைமுறை, 805 கிராம். அதே கேனனின் 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். பிரைம் 160 கிராம். காலையிலிருந்து இரவு வரவேற்பு வரை கழுத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

சரி, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், குதிரை, பேண்டு வாத்தியம், கூட்டம் நெரிக்கிறது. அங்கே லென்ஸ் மாற்ற நேரம் இல்லை, ஜூம் எடுத்துப் போங்கள். மண்டபத்தின் கடைசி வரிசையைத் தாண்டி விடமாட்டேன் என்கிறார்களா, அங்கேயும் ஜூம்தான். ஆனால் மணவறையில் வேண்டாம்.

ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், உலகம் கொண்டாடும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர். வாழ்நாளில் பெரும்பாலும் லைக்கா கேமராவில் ஒரு 50 மி.மீ. லென்ஸோடுதான் வேலை செய்தார். 1950-ல் நம் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாட்களில் படம் எடுத்தார். ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம், வோய்க்ட்லேண்டர் ஜூமார், கடைக்கு வந்ததே 1959-ல்தான். பிற்பாடு நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் தோளில் தொங்கவிட்டு வந்த யாஷிகா மேட் கேமராவில்கூட மாற்ற முடியாத ஒரே 80 மி.மீ. லென்ஸ்தான். நம் அம்மா அப்பா கல்யாணப் படம் பலவும் அப்படி ஒருவர் நடந்து வந்து, "கொஞ்சம் சிரிம்மா" என்று சொல்லி எடுத்ததுதான்.

நடுவர் அவர்களே, லென்ஸ் கணக்கை விட்டுவிடுகிறேன். நம் வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கிற தாத்தா பாட்டி படங்களைப் பாருங்கள். எத்தனை வீட்டில் அது யாரோ ஒருவர் கல்யாணத்தின் குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கிய படம்! ஓரத்தில் பக்கத்து ஆளின் தோள்பட்டை தெரியும். கண் கலங்கலாக இருக்கும். என் அப்பத்தாவின் படமும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்தது. எல்லாவற்றிலும் அப்பத்தா தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, "அப்பத்தா, இங்க பாருங்க" என்று சொல்லவில்லை. அவர் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். அது எந்தப் படத்திலும் இல்லை. நாங்கள் போனால் அந்தச் சிரிப்பை நினைவு வைத்திருக்க ஆள் இல்லை.

இங்கே கேமரா வைத்திருக்கிற தம்பி தங்கைகள் அடுத்த கல்யாணத்தில் தூணோரம் உட்கார்ந்திருக்கிற கிழவியிடம் நடந்து போங்கள். கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசுங்கள், அப்புறம் எடுங்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். உங்கள் அம்மா தனியாகச் சிரித்தபடி இருக்கிற படம் வீட்டில் இருக்கிறதா, அதை எடுத்தவர் எவ்வளவு பக்கத்தில் நின்றார் என்று யோசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.