பிக் லைன் போடும்போதும் எடுக்கும்போதும்

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் நான், கீமோ சிகிச்சைக்குப் பிக் லைன் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களையும், அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களையும் மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன்.

டாக்ஸோரூபிசின் போன்ற சில கீமோ மருந்துகள் கையிலுள்ள சிறிய ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால், சுற்றியுள்ள சதை வெந்து புண்ணாகிவிடும். ஆகவே அவற்றை ரத்தம் மிகுதியாக ஓடும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது. முழங்கைக்குச் சற்று மேலே சிரைக்குள் நுழைந்து, தோளைக் கடந்து, இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் நுனி நிற்கும்படி வைக்கப்படும் மெல்லிய, வளையக்கூடிய குழாய்தான் பிக் லைன். வாரக்கணக்கிலும் தேவைப்பட்டால் மாதக்கணக்கிலும் அது கையில் இருக்கலாம்.

இதயம் வரை குழாயா என்று பலர் திடுக்கிடுகிறார்கள். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், சிறுநீர்ப் பாதைக்கென இருந்த குழாயைத் தம் கைச் சிரை வழியே இதயம் வரை தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்; 1956-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவருக்கு வாய்க்காத ஸ்கேன் கருவி இன்று நம்மிடம் இருக்கிறது. சிரை எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று திரையில் பார்த்துக்கொண்டேதான் ஊசி குத்துகிறோம்.

போடுவதற்கு முன் சிலவற்றை நீங்களாகவே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மார்பக அறுவையில் அக்குளின் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்களா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்பவை முக்கியம். சிறுநீரக நோயாளிக்குப் பின்னாளில் டயாலிசிஸ் செய்யக் கைச் சிரைகள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால், அவருக்குப் பெரும்பாலும் வேறு வழியையே தேடுவோம்.

படுக்கையில் மல்லாந்து படுக்கவைத்துக் கையை விலக்கி நீட்டச் சொல்வோம். கிருமிநாசினி தடவி, உடலைத் தூய துணிகளால் மூடுவோம். மரத்துப்போவதற்கான ஊசி சில நொடிகள் சுரீரென்று எரியும். பிறகு அழுத்துவதும் இழுப்பதும்தான் தெரியுமே தவிர, கூர்மையான வலி இருக்கக் கூடாது; இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம். நடுவில் முகத்தை அந்தக் கைப்பக்கம் திருப்பித் தாடையைத் தாழ்த்தச் சொல்வது, குழாய் கழுத்துப் பக்கம் ஏறிவிடாமலிருக்கத்தான். ஒரு கணம் நெஞ்சு படபடத்தால் அதையும் சொல்லுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நுனி சரியான இடத்தில் இருப்பதை எக்ஸ்ரேயோ இசிஜியோ உறுதிசெய்த பிறகே மருந்து ஏற்றுவோம். வெளியே எத்தனை சென்டிமீட்டர் குழாய் தெரிகிறது என்று அப்போது குறித்துத் தரும் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். அது பின்னர் கூடினால் நுனி இடம் மாறியிருக்கலாம்.

என் அனுபவத்தில் போடும் நாளைவிட அதற்குப் பிந்தைய வாரங்களில்தான் அதிகக் கவனம் வேண்டும். வாரம் ஒருமுறை ஒட்டுப்பட்டையை மாற்றிச் சலைன் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையால் பட்டை முன்னதாகவே கிளம்பினால், வாரம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இடம் நனையாமல் உறை போட்டுக் குளிக்கலாம், ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் குளத்தில் இறங்குவதும் குழாயை எடுக்கும்வரை வேண்டாம். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள், தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். அதற்காகக் கையை அசைக்கவே கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தவறு. விரல்களை மடக்கி நீட்டி, சாதாரண வேலைகளைச் செய்துவந்தால்தான் ரத்தம் உறையாமல் ஓடும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், குழாய் நுழையும் இடத்தில் சிவப்பு அல்லது சீழ், கை அல்லது கழுத்தில் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

எடுப்பது சில நிமிட வேலை. மரத்துப்போகும் ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. பட்டையை உரிப்பதுதான் குழாயை எடுப்பதைவிட எரிச்சலாக இருந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எளிதாக இருப்பதால், வீட்டிலேயே இழுத்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. குழாய் வெளிவரும் கணத்தில் அந்தத் துளை வழியே காற்று சிரைக்குள் உறிஞ்சப்படும் ஆபத்து உண்டு. அதனால்தான் உங்களை மல்லாந்து படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, மெல்ல இழுக்கிறோம். சில நேரம் சிரை இறுகிக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பலவந்தமாக இழுக்காமல், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம், தாமதமாகிறதே என்று பதற வேண்டாம். எடுத்த குழாயின் நீளத்தை அளந்து, நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு துளையைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத பட்டை ஒட்டி, அரைமணி நேரம் படுத்திருக்கச் சொல்வோம். அந்தப் பட்டை குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும்.

குழாய் போன பிறகும் அடுத்த சில நாட்களில் அந்தக் கை வீங்கினாலோ, கனத்து வலித்தாலோ, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்த்துப் பார்க்காமல், வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.