திவால் மனு போட்டால் டிராஃபிக் அபராதமும் டோல் பாக்கியும் தீருமா?

[திரையில்: முகப்புக் கண்ணாடி வைப்பரின் அடியில் செருகப்பட்ட அபராதச் சீட்டு]

வணக்கம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பாக்கியிலும் மருத்துவமனைக் கட்டணத்திலும் மூழ்கித் திவால் மனு போட முடிவு செய்யும் ஒருவருடைய மேசையில், அந்த ரசீதுகளுக்கு நடுவே பார்க்கிங் சீட்டுகளும் டோல் நோட்டீஸ்களும் கிடப்பது அரிதல்ல. எல்லாவற்றையும் ஒரே கட்டாக வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டால் எல்லாமே தீர்ந்துவிடும் என்று அவர் நம்புவார். திவால் சட்டமோ அந்தக் கட்டை அவிழ்த்து, இது தண்டனையா அல்லது விலையா, யாருக்குச் சேர வேண்டியது என்று ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

[திரையில்: சாப்டர் 7]

முதலில், திவால் சட்டம் தரும் மனு வகைகளில் ஒன்றான சாப்டர் 7. மனு போட்டதிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் கடன் விடுவிப்பு கிடைத்துவிடுவதால் பெரும்பாலோர் நாடுவது இந்த வழியைத்தான். ஆனால் திவால் சட்டத்தின் 523ஆவது பிரிவு, அரசு அமைப்பு ஒன்றுக்கு, அதன் நன்மைக்காகவே செலுத்த வேண்டிய அபராதமும் தண்டத்தொகையும், அவை உண்மையான பண இழப்பை ஈடுகட்டுவதற்கானவையாக இல்லாதவரை, இந்த விடுவிப்பில் அடங்காது என்கிறது. வேகமாக ஓட்டியதற்கான அபராதமும், சிவப்பு விளக்கைத் தாண்டியபோது கேமராவில் சிக்கிய அபராதமும், நகராட்சியின் பார்க்கிங் அபராதமும் இந்த வரிக்குள் அப்படியே பொருந்திவிடுகின்றன. மனு போட்டவுடன் வசூல் நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் ஆட்டோமேட்டிக் ஸ்டே அமலுக்கு வருவதால், நகராட்சியின் கடிதங்களும் சில மாதங்களுக்கு நிற்கும். அந்த அமைதியைக் கண்டு கடன் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது, ஏனெனில் வழக்கு முடிந்ததும் அதே கடிதங்கள் திரும்பி வரும்.

தனியார் வாகன நிறுத்தத்தில் வண்டியை அதிக நேரம் விட்டதற்காக அந்த இடத்தின் உரிமையாளர் அனுப்பும் பில்லைப் பார்த்தால், அதுவும் அபராதச் சீட்டைப் போலவே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போவதில்லை என்பதால், அது மற்ற சாதாரணக் கடன்களைப் போல சாப்டர் 7-இலேயே தீர்ந்துவிடக்கூடியது.

[திரையில்: டோல் நோட்டீஸ், இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டப்படுகிறது]

டோல் விஷயத்தில்தான் சட்டத்தின் தர்க்கம் விசித்திரமான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. டோல் என்பது தண்டனை அல்ல, சாலையைப் பயன்படுத்தியதற்கான விலை. ஆகவே கட்டாமல் விட்ட டோல் தொகையை அபராதம் என்று சொல்வது கடினம். அது மற்றக் கடன்களோடு சேர்ந்து தீரக்கூடியது. ஆனால் குறித்த நாளில் கட்டாததற்காக அதன்மேல் ஏற்றப்படும் தண்டத்தொகை, அரசு அமைப்புக்குச் சேர்வதாக இருந்தால், 523ஆவது பிரிவுக்குள் விழுகிறது. நான்கு டாலர் டோலின் மேல் ஐம்பது டாலர் தண்டம் ஏறியிருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், திவாலில் கழிவது அந்த நான்கு டாலராகவும், தலையில் நிற்பது ஐம்பது டாலராகவும் இருக்கலாம். அந்த ஐம்பதில் ஒரு பகுதி உண்மையான நிர்வாகச் செலவை ஈடுகட்டுவதே என்று காட்ட முடிந்தால் வாதத்துக்கு இடமுண்டு. 2005-இல் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்ட சிகாகோ ஸ்கைவே போன்ற சாலைகளில், பணம் உண்மையில் யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

[திரையில்: சாப்டர் 13]

சாப்டர் 13 வேறு வழி. நிலையான வருமானம் உள்ளவர், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மாதந்தோறும், வழக்கை நிர்வகிக்கும் டிரஸ்டியிடம் தவணை கட்டி, திட்டத்தை முடித்தபின் விடுவிப்புப் பெறுகிறார். அந்த விடுவிப்பில் அடங்காத கடன்களின் பட்டியல் 1328ஆவது பிரிவில் இருக்கிறது. சாப்டர் 7-இல் அபராதங்களைக் காப்பாற்றிய விதி அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே சிவில் தன்மையுள்ள பார்க்கிங், டிராஃபிக், டோல் அபராதங்கள், திட்டத்தின்படி டாலருக்குச் சில சென்ட்டுகளே கட்டப்பட்டிருந்தாலும், முடிவில் தீர்ந்துவிடுகின்றன. குற்ற வழக்கில் தண்டனையின் பகுதியாக விதிக்கப்பட்ட அபராதம் மட்டும் தீராது. குடித்துவிட்டு ஓட்டியதற்கான அபராதம் அத்தகையது. மணிக்கு 85 மைலுக்கு மேல் ஓட்டுவதே வர்ஜீனியாவில் குற்றமாகிவிடுவதால், வெறும் வேக அபராதம் என்று ஒருவர் நினைப்பது சட்டத்தின் கண்ணில் வேறாக இருக்கக்கூடும்.

ஆனால் இந்தச் சலுகை திட்டத்தை முடிப்பவருக்கே உரியது. தவணை கட்ட முடியாமல் வழக்கு தள்ளுபடியானால் அபராதங்கள் முழுமையாகத் திரும்பிவிடும். நோய் போன்ற காரணத்தால் நீதிமன்றம் இடையிலேயே கருணையோடு விடுவிப்பு அளித்தாலும், அந்த வகை விடுவிப்பில் அபராதங்கள் சேராது. இந்த இரண்டாவது விவரத்தைப் பலரும் கடைசிக் கட்டத்தில்தான் அறிகிறார்கள்.

[திரையில்: நகராட்சி வளாகத்தில் பூட்டப்பட்ட கார்கள்]

அபராதப் பாக்கிக்காகக் கார் ஏற்கெனவே இழுத்துச் செல்லப்பட்டிருந்தால், சாப்டர் 13 மனு போட்டவுடன் அது வீட்டுக்கு வந்துவிடுமா? சிகாகோ நகராட்சி தொடர்பான வழக்கில் 2021 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மனுவுக்கு முன்பே கைப்பற்றிய வண்டியை நகராட்சி வெறுமனே வைத்திருப்பது, சொத்தின் மீது கட்டுப்பாடு செலுத்துவதைத் தடுக்கும் ஸ்டே விதியை மீறுவதாகாது என்று வழக்கில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வண்டியைத் திரும்பக் கேட்கத் தனி நடவடிக்கை தேவைப்பட்டது. வேலைக்குப் போகக் கார் தேவைப்படும் ஒருவருக்கு அந்த நடைமுறை மிக மெதுவானது என்பதை நீதிபதி சோனியா சோட்டோமேயர் தம் தனிக்கருத்தில் சுட்டிக்காட்டினார். 2024 டிசம்பர் முதல் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட திவால் நடைமுறை விதி, தனிநபர்கள் திவால் வழக்குக்குள்ளேயே முழு அளவிலான தனி வழக்கு ஒன்றைத் தொடுக்காமல், ஒரு விண்ணப்பத்தின் மூலமே வண்டியைக் கேட்க வழி செய்திருக்கிறது. தீர்ப்புக்கு முன் சிக்கிக்கொண்டவர்களுக்கு இது தாமதமான ஆறுதல்தான்.

ஓட்டுநர் உரிமத்துக்கும், தீரும் கடன், தீராத கடன் என்ற இதே பிரிவினைதான். தீரக்கூடிய கடனைக் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அரசு உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது 525ஆவது பிரிவு; 1971-இல் அரிசோனா உரிம வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே இதற்கு அடிப்படை. சாப்டர் 7-இல் அபராதம் தீராத கடன் என்பதால் இந்தப் பாதுகாப்பு அங்கே எட்டுவதில்லை. நீதிமன்றத்தில் ஆஜராகாததற்காக நிறுத்தப்பட்ட உரிமமோ கடன் சம்பந்தப்பட்டதே அல்ல. அதற்கு அந்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

மனுவில் நகராட்சியையும், டோல் அமைப்பையும், வசூல் நிறுவனத்தையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். வண்டி எண்ணைக் கொண்டு பழைய சீட்டுகளை அந்தந்த இணையதளங்களில் தேடிச் சேர்ப்பதும் நல்லது. மனு போட்ட நாளுக்குப் பிறகு கடக்கும் டோல் சாவடிகளும், அதற்குப் பிறகு வாங்கும் சீட்டுகளும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றை, திட்டத் தவணையோடு கூடுதலாக, அந்தந்த மாதமே கட்டிவர வேண்டும்.